55 இன்ச் டிவி: மெலிசுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

ஹால்சுவர்:

ஹாலுக்கு 55 இன்ச் 4கே டிவி வாங்க வேண்டும். சோபாவுக்கும் சுவருக்கும் 9 அடி. நாலரை இன்ச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. வலப்பக்கம் பெரிய ஜன்னல், பகலில் வெளிச்சம் கொட்டும். காலையில் நாலு மணி நேரம் செய்திச் சேனல், சாயங்காலம் சீரியல், ராத்திரி ஓடிடியில் படம். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடும்.

மூன்று மாடலில் வந்து நிற்கிறேன். ஒன்று, விளிம்பில் மட்டும் எல்இடி வைத்த மெலிசான எல்சிடி. மொத்தத் தடிமனே இரண்டரை செ.மீ. இரண்டாவது, ஏறக்குறைய அதே விலையில், பின்பக்கம் முழுக்க எல்இடி பரப்பிய எல்சிடி. முதுகு 7 செ.மீ. மூன்றாவது ஓஎல்இடி; மேல்பாதி அரை செ.மீ.தான், விலை இரண்டு மடங்கு. படம் மாட்டியது போல் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. அந்த மெலிசால் உண்மையான பயன் உண்டா? அதற்காகச் சத்தம், ரிப்பேர், ஆயுள் இவற்றில் எதையாவது இழக்கிறோமா?

பேனல்_பட்டறை:

முதல் மாடலை விட்டுடுங்க சார். எல்சிடில மெலிசுங்கறது சும்மா வர்றதில்ல, வெளிச்சத்துக்கு வேண்டிய இடத்தைப் பிடுங்கித்தான் வருது.

எல்சிடி பேனல் தானா ஒளி விடாது. பின்னாலிருந்து வெளிச்சம் வரணும். பின்பக்கம் முழுக்க எல்இடி பரப்புனா, ஒவ்வொரு எல்இடியோட வெளிச்சமும் பரவி ஒண்ணோடொண்ணு கலக்கறதுக்கு எல்இடிக்கும் டிஃப்யூசருக்கும் (வெளிச்சத்தைப் பரப்பற தாள்) நடுவுல கொஞ்சம் காலி இடம் வேணும். உங்க 7 செ.மீ. முதுகுல ஒரு பகுதி அந்த இடம்தான். எல்இடியைச் சின்னதாக்கி நெருக்கமா வச்சா இடைவெளியைக் குறைக்கலாம், மினி எல்இடில நடக்கறது அதுதான். ஆனா விளிம்பு மாடல்ல அந்த இடத்தையே எடுத்துட்டு, கீழ் ஓரத்துல ஒரே பட்டையில எல்இடி எல்லாத்தையும் நெருக்கி, ஒரு பிளாஸ்டிக் தகடு வழியா வெளிச்சத்தை மேல வரைக்கும் அனுப்பறாங்க.

இதுல ரெண்டு சிக்கல். முதல்ல சூடு. அத்தனை எல்இடியோட சூடும் ஒரே ஓரத்துல சேருது. வருஷக்கணக்குல அந்தத் தகடு நெளியும், பின்னால இருக்கற வெள்ளை ரிஃப்ளெக்டர் தாள் சுருங்கும். திரையில கீழ ஒரு பக்கம் பளிச்சுன்னு திட்டு, இன்னொரு மூலை மங்கல். வெள்ளைப் பின்னணில செய்தி ஓடும்போது நல்லாவே தெரியும். ரெண்டாவது, இருட்டுக் காட்சி. இருட்டான படத்துல கீழ வெள்ளை எழுத்துல சப்டைட்டில் வந்தா, அந்த எழுத்துக்கு மேல இருக்கற தூண் மொத்தமும் சேர்ந்து வெளுக்கும். எல்இடி கீழ் ஓரத்துல இருக்கும்போது தனியா ஒரு கட்டத்தை மட்டும் அணைக்க வழியில்ல.

முதுகு தடிச்ச மாடலுக்கும் வியாதி உண்டு, அதையும் தெரிஞ்சுக்கங்க. ஒவ்வொரு எல்இடி மேலயும் வெளிச்சத்தைப் பரப்பற சின்ன லென்ஸ் ஒட்டியிருக்கும். சூட்டுல பசை விட்டா லென்ஸ் கழண்டு உள்ளே விழும். திரையில காசு அளவுக்கு வட்டமா ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். பேனல் கெட்டுப் போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, லென்ஸைத் திரும்ப ஒட்டினா சரியாயிடும். எல்இடி எல்லாம் தொடரா இருக்கறதால, ஒரு எல்இடி உள்ளுக்குள்ள அறுந்துட்டா அந்த வரிசையே போகும், எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கற டிரைவர் சர்க்யூட்டும் பாதுகாப்புக்காக மொத்தத்தையும் அணைச்சிடும். அப்போ சத்தம் வரும், படம் வராது. விளக்கை அணைச்சிட்டு, டார்ச்சைத் திரைக்குப் பக்கத்துல சாய்வாப் பிடிச்சுப் பாருங்க. மங்கலா படம் நகர்றது தெரிஞ்சா பேனலும் போர்டும் நல்லா இருக்கு, போனது பின்வெளிச்சம் மட்டும்தான். எல்இடி ஸ்ட்ரிப் (எல்இடி வரிசையா இருக்கற பட்டை) மாத்தும்போது கெட்ட ஒண்ணை மட்டும் மாத்தாம முழு செட்டையும் மாத்தச் சொல்லுங்க. பழசும் புதுசும் ஒரே அளவு வெளிச்சம் தராது.

இந்த வேலைக்குப் பேனல் கண்ணாடியைக் கழட்டியாகணும். மெலிசு மாடல் எப்படிக் கையைக் கட்டுதுன்னு அங்கதான் தெரியும். பழைய டிவில முன் சட்டத்தைக் கழட்டினா கண்ணாடி தனியா வந்துடும். ஓரமே தெரியாத மெலிசு டிவி பலதுல கண்ணாடியை நடுச் சட்டத்தோட ரெட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டியிருக்காங்க. ரெண்டு கண்ணாடித் தாள், ஒவ்வொண்ணும் ஒரு மி.மீ.க்கும் குறைவு. டேப்பை அறுக்கும்போது கொஞ்சம் வளைஞ்சாலும் விரிசல். விரிசல் விட்டா புதுப் பேனல் விலை டிவி விலையில பாதிக்கு மேல வரும், அதனாலயே பல பேர் இந்த வேலையை எடுக்கத் தயங்கறாங்க.

எது வாங்கினாலும் பேக்லைட்டை 100ல விடாதீங்க. கடையில பளபளன்னு தெரியறதுக்காக அப்படி வச்சிருப்பாங்க. வீட்டுல பகலுக்கு 60-70, ராத்திரிக்கு 40 போதும். சூடு குறைஞ்சா லென்ஸ் பசைக்கும் எல்இடிக்கும் ஆயுள் கூடும்.

கருப்புப்புள்ளி:

பேனல்_பட்டறை சொன்னது எல்சிடிக்கு முழுக்கப் பொருந்தும். ஓஎல்இடியின் கதை வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்வெளிச்சமும் இல்லை, பரப்பும் தாள்களும் இல்லை. மெலிசு அங்கே இயல்பாகவே அமைகிறது, அதற்காக எதையும் வெட்டவில்லை. விற்பனைக்கு வந்த முதல் ஓஎல்இடி டிவியான சோனி எக்ஸ்இஎல்-1 (2007, 11 இன்ச்) அப்போதே 3 மி.மீ. தான்.

ஆனால் போர்டும் பவர் சப்ளையும் ஸ்பீக்கரும் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும்? நீங்கள் பார்த்த ஓஎல்இடியின் பின்பக்கம் கீழ்ப்பாதியில் ஒரு பெட்டி புடைத்திருக்கும். 55, 65 இன்ச் மாடல்களில் அது சுமார் 4.5 செ.மீ. வரை வரும். விளம்பரத்தில் வரும் அளவு மேல்பாதியில் எடுத்தது. சுவரில் மாட்டும்போது கணக்கில் வருவது அந்தப் பெட்டிதான். 2017இல் வந்த எல்ஜி டபிள்யூ7 உண்மையிலேயே சுவரொட்டி போல இருந்தது, 65 இன்ச் பேனல் 3 மி.மீ.க்கும் குறைவு. அதற்காக போர்டு முழுவதையும் தனி சவுண்ட்பாருக்குள் தள்ளி, பட்டைக் கேபிளால் இணைத்தார்கள். தடிமன் மறையவில்லை, இடம் மாறியது.

உங்கள் உபயோகத்துக்கு ஓஎல்இடி எனக்குச் சரியாகப் படவில்லை. நாளுக்கு நாலு மணி நேரம் செய்திச் சேனல் என்றால், மூலையில் லோகோவும் கீழே ஓடும் பட்டையும் தினமும் அதே இடத்தில் நிற்கும். அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் சீக்கிரம் தேயும். அதைச் சமன்படுத்த டிவியே ஒரு வேலை செய்கிறது. எல்ஜி ஓஎல்இடியில் மொத்தம் நாலு மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்ததும் சில நிமிடங்கள் பிக்சல்களைச் சரிபார்த்துத் திருத்தும். 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும் பெரிய திருத்தம் வரும். உங்கள் கணக்கில் அது எட்டு மாதத்தில் வந்துவிடும். இவை இரண்டும் டிவி ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் நடக்கும். நம் வீடுகளில் ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவோம். அப்படிச் செய்தால் அந்தத் திருத்தம் நடக்கவே நடக்காது, லோகோ நிழல் தங்கிவிடும். ஓஎல்இடி வாங்கினால் அந்த சுவிட்சை வீட்டில் யாரும் தொடக் கூடாது.

ஜன்னலையும் மறக்காதீர்கள். திரை முழுக்க வெள்ளையாக வரும் காட்சிகளில் ஓஎல்இடி தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் நல்ல மினி எல்இடிதான் தெளிவு. இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பதே முக்கியம் என்றால் என் பதில் தலைகீழாகும்.

இன்னொன்று. 9 அடி தூரத்தில் 55 இன்ச் சின்னதாகவே தெரியும். பார்வைக் கோணம் 30 டிகிரி வர, திரையின் மூலைவிட்டத்தை 1.6ஆல் பெருக்கிய தூரத்தில் உட்கார வேண்டும். 55க்கு அது 7 அடி 4 அங்குலம். 65க்கு 8 அடி 8 அங்குலம், உங்கள் ஹாலுக்கு அப்படியே பொருந்துகிறது. மெலிசுக்குப் போகவிருந்த பணத்தை அந்தப் பத்து இன்ச்சில் போடுங்கள். சோபாவில் உட்கார்ந்தால் தடிமன் கண்ணில் படாது, அகலம் தினமும் படும்.

மிட்ரேஞ்ச்:

சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கனமான ஒலி வர ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் நகர வேண்டும், அதன் பின்னால் காற்றுக்குப் பெட்டி வேண்டும். இரண்டரை செ.மீ. உடம்பில் இரண்டுக்கும் இடமில்லை. அதனால் ஸ்பீக்கரைச் சின்னதாக்கிக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். ஒலி சுவரிலும் மேசையிலும் பட்டுத்தான் உங்களிடம் வருகிறது. பின்னணி இசை வரும்போது வசனம் புரியாமல் போவதும், ரிமோட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பதும் இதனால்தான். 2017இல் சோனி ஏ1 ஓஎல்இடியில் திரைக் கண்ணாடியையே பின்னாலிருந்து அதிரவைத்து ஒலி எழுப்பினார்கள். வசனம் வாயிலிருந்தே வருவது போல இருக்கும், அருமையான வழி. பின்வெளிச்ச அடுக்குகள் குறுக்கே நிற்பதால் எல்சிடியில் அதை அப்படியே செய்ய முடியாது.

மெலிசு டிவி வாங்கினால் சவுண்ட்பார் விலையையும் சேர்த்துக் கூட்டுங்கள். இணைக்கும்போது ஆர்க் (டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் வழி) என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் மட்டும் செருகி, டிவியில் சிஇசி-யை (இணைத்த கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் அமைப்பு) ஆன் செய்து, டிஜிட்டல் ஆடியோவைப் பிசிஎம்-இலிருந்து ஆட்டோ அல்லது பாஸ்த்ரூவுக்கு மாற்றுங்கள். ஓடிடியில் வரும் அட்மாஸுக்கு (மேலிருந்தும் சுற்றிலும் ஒலி வரும் டால்பி முறை) சாதாரண ஆர்க்கே போதும். அதன் மேம்பட்ட வடிவமான இஆர்க் தேவைப்படுவது ப்ளூரே பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு. ஆப்டிகல் கேபிளில் அட்மாஸ் வராது.

ஹால்சுவர்:

மூவருக்கும் நன்றி. 65 இன்ச், தடிச்ச முதுகு என்று முடிவு செய்துவிட்டேன். மாட்டுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனிடம் என்னென்ன சொல்லி வைக்க வேண்டும்? இன்னும் பூச்சு வேலை முடியவில்லை.

பேனல்_பட்டறை:

பூச்சு முடியாதது நல்லதாப் போச்சு. டிவிக்குப் பின்னாலிருந்து கீழ் அலமாரி வரைக்கும் ஒன்றரை இன்ச் பிவிசி பைப்பைச் சுவருக்குள்ள புதைச்சிடச் சொல்லுங்க. எல்போ வேண்டாம், நீளமான பெண்ட் போடச் சொல்லுங்க. எச்டிஎம்ஐ தலை எல்போவுல திரும்பாது. பிளக் சாக்கெட்டை டிவி முதுகுக்கு நேர் பின்னால வச்சா பிளக் தலையே 4 செ.மீ. முட்டி நிக்கும், அதனால புடைப்பு இல்லாத மேல்பகுதிக்குப் பின்னாலயோ ஓரத்துலயோ வைங்க. டிவிக்கு மேலயும் பக்கத்துலயும் 10 செ.மீ. காலியா விடணும், மரப் பலகை மாடத்துக்குள்ள அடைக்காதீங்க.

ஒட்டி நிக்கற பிராக்கெட் சுவர்லேர்ந்து 2.5-3.5 செ.மீ. தள்ளி நிக்கும். நேரா பின்னால பார்க்கற எச்டிஎம்ஐ துளைல கேபிள் செருகி வளைக்க 5-6 செ.மீ. வேணும். பக்கவாட்டுத் துளை இருக்கற மாடலா பாருங்க, இல்லேன்னா எல் வடிவ அடாப்டர். அது ரெண்டு திசைல வரும், வாங்கும்போது எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்த்து எடுங்க.

துளை போடும்போது தூளோட நிறத்தைப் பாருங்க. முதல் 12-15 மி.மீ. சாம்பல் நிறத்துல வரும், அது பூச்சு. அப்புறம் செங்கல் சிவப்பா மாறணும். சாம்பலாவே வந்தா ரெண்டு செங்கலுக்கு நடுவுல இருக்கற கலவைல இறங்கறீங்க, 3-4 செ.மீ. மேல தள்ளிப் போடுங்க. 10 மி.மீ. பிட், 65-70 மி.மீ. ஆழம். ஸ்க்ரூவைப் பிடிக்கற சுவர் பிளக் முழுசும் செங்கல்லுக்குள்ள இருக்கணும், பூச்சுல நின்னா டிவி எடைக்குப் பிடுங்கிட்டு வந்துடும்.

கடைசியா போல்ட். டிவி முதுகுல இருக்கற நாலு ஓட்டைக்குள்ளயும் வெர்னியர் அளவுகோலோட வால் கம்பியை விட்டு ஆழம் பாருங்க. ஆழம் 14 மி.மீ., பிராக்கெட் தகடும் வாஷரும் சேர்ந்து 3.5 மி.மீ.ன்னு வைங்க. 16 மி.மீ. போல்ட் போட்டா 12.5 உள்ளே போகும், சரியா இருக்கும். 20 போட்டா 16.5 போய் அடியில முட்டும், அங்க இருக்கறது ரிஃப்ளெக்டரும் பேனலும். முட்டின இடத்துல திரையில வெள்ளையா ஒரு திட்டு தெரியும், வாரண்டியும் கிடைக்காது. முதல் நாலு சுற்று கையால திருப்புங்க, டிரில் மெஷினை வைக்க விடாதீங்க.

துடைக்கும்போது ஸ்பிரேயைத் திரையில நேரா அடிக்காதீங்க. வழிஞ்சு கீழ் ஓரத்துல இறங்கும். பேனலுக்குச் சிக்னல் கொடுக்கற ஃபிலிம் நாடாக்கள் பெரும்பாலான டிவில அங்கதான் ஒட்டியிருக்கு, ஈரம் பட்டா செங்குத்தா கோடு விழும். துணியில கொஞ்சம் தெளிச்சு, பிழிஞ்சு, அப்புறம் துடைங்க.