கோரிலேஷன்: 'ஒட்டுறவு' போதுமா?

வணக்கம். புள்ளியியல் அறிமுகப் பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். அதில் கோரிலேஷனுக்கு (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும் போக்கு) 'ஒட்டுறவு' என்று வைத்து, "சிறுவர்களின் காலணி அளவுக்கும் வாசிப்புத் திறனுக்கும் வலுவான ஒட்டுறவு உண்டு" என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர், அப்படியானால் பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தால் படிப்பு வந்துவிடுமா என்கிறார். வயது ஏற ஏற இரண்டும் வளர்கின்றன என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. ஆனாலும் 'உறவு'தான் குழப்புகிறதோ?

---

'ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம்' என்று சண்டையில் சொல்வதுதான் நினைவுக்கு வருகிறது. இதில் 'எதிர் ஒட்டுறவு' (ஒன்று ஏற மற்றது இறங்குவது) வேறு! 'உடன்மாற்றம்' என்று வையுங்கள்.

---

'உடன்மாற்றம்' என்பதை கோவேரியன்ஸுக்கு (இரண்டும் சேர்ந்து எவ்வளவு மாறுகின்றன என்பதன் மூல அளவு) விட்டுவைக்க வேண்டும் ஐயா. கோவேரியன்ஸை இரண்டின் திட்ட விலக்கங்களின் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவுகள்) பெருக்கத்தால் வகுத்த பிறகுதானே −1 முதல் +1 வரையான கோரிலேஷன் அளவு வருகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் அடுத்த பாடத்தில் திண்டாட்டம்தான்.

---

இலக்கணத்திலேயே விடை இருக்கிறதே! மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூலார் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் பிரிக்கிறார். 'மழையால் குளம் நிறைந்தது' என்றால் காரணம், 'மழையோடு காற்றும் வந்தது' என்றால் கூட வந்தது, அவ்வளவுதான். கோரிலேஷன் ஓடு உருபு, காரணம் ஆல் உருபு. ஆகவே 'உடனிகழ்ச்சி'.

---

தொல்காப்பியர் மூன்றாவதற்கு 'ஒடு' என்றே பெயரிட்டு, வினைமுதலையும் கருவியையும் அதற்குள் வைத்திருக்கிறாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? போகட்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் அது உடனிகழ்ச்சி. ஒரு தடவை நடந்ததற்கு ஒட்டுறவுக் கெழு (அந்த −1 முதல் +1 வரையான எண்) போட முடியாது, பல இணைகள் வேண்டும். அப்புறம் இன்னொன்று: x க்கு −2, −1, 0, 1, 2 என்று கொடுத்து y ஐ அதன் வர்க்கமாக வையுங்கள். y முழுக்க x ஐ நம்பியே நிற்கிறது, ஆனால் கெழு சுழியம். இது நேர்கோட்டுப் போக்கை மட்டும் அளக்கிற கருவி. காரணம் இருந்தும் இது காட்டாமல் போகலாம், காரணம் இல்லாமலும் காட்டலாம். எந்தச் சொல்லைப் போட்டாலும் இதை எப்படியும் விளக்கித்தான் ஆகவேண்டும், அதனால் பாடநூல்களில் புழங்குகிற சொல்லை மாற்றாதீர்கள்.

---

நானும் அதே கட்சி. மாணவர் தேர்வில் எழுதப்போவது ஒட்டுறவுதான்.

---

சரி, 'ஒட்டுறவு' என்றே விட்டு, அந்த வர்க்கக் கணக்கைப் பெட்டிச் செய்தியாகச் சேர்க்கிறேன். நன்றி.

---

சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் 'உடனிகழ்ச்சி' என்று சொன்ன எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியரின் 'ஒடு' பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை, தனி இழையில் வருகிறேன்.