இரண்டு சிகிச்சை வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்: அம்மாவிடம் கேட்பதா, நாங்களே முடிவு செய்வதா?

கேள்வி: கெடிலக்கரை மகள், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 58. இடது மார்பில் இருந்த கட்டியைப் பயாப்ஸி செய்து பார்த்ததில், ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்று தெரிய வந்திருக்கிறது. மார்பகத்தை முழுவதுமாக எடுத்துவிடலாம், அல்லது கட்டியையும் அதைச் சுற்றிய சிறு பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம், இரண்டுமே இவருக்குப் பொருந்தும், கலந்து பேசி அடுத்த வாரம் சொல்லுங்கள் என்று புதுச்சேரியில் நாங்கள் காட்டும் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் கூறினார். அம்மா அப்போது வெளியே அமர்ந்திருந்தார். சாதாரணக் கட்டி என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறோம்.

முழுவதும் எடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்கிறார் அண்ணன். படித்த டாக்டரே முடிவு சொல்லாமல் நம்மிடம் கேட்கிறாரே என்று சித்தப்பாவுக்கு அந்த மருத்துவர் மீதே நம்பிக்கை குறைந்துவிட்டது. அப்பா இறந்த பிறகு நிலப் பத்திரம் முதல் எங்கள் திருமணம் வரை எல்லாவற்றையும் தானே நின்று முடித்தவர் அம்மா. அவருடைய உடம்பைப் பற்றிய முடிவை அவருக்குத் தெரியாமல் எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் நோயின் பெயரைக் கேட்டதும் அவர் உடைந்துபோவாரோ என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: செவிலியர், புதுச்சேரி

வணக்கம் சகோதரி. புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் செவிலியராக இதை எழுதுகிறேன். மருத்துவர் உங்களிடம் கேட்டது தெளிவின்மையால் அல்ல என்பதை முதலில் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில், முழுவதும் அகற்றியவர்களும், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்றவர்களும் உயிர்வாழும் காலத்தில் வேறுபடவில்லை என்று, அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரு ஆய்வுகள் 2002இல் வெளியாயின. உயிரைக் காப்பதில் இரண்டும் சமம் என்னும்போது, எது நல்லது என்பதை மருத்துவ அறிவு மட்டும் தீர்மானிக்க இயலாது. அந்த உடம்போடு வாழப்போகிறவரின் விருப்பமும் அதில் சேர வேண்டும்.

வேறுபாடுகள் வேறு இடங்களில் இருக்கின்றன. கட்டியை மட்டும் எடுத்தால் வாரத்துக்கு 5 நாள் வீதம், பெரும்பாலும் 3 முதல் 5 வாரங்கள் கதிர்வீச்சுக்கு வர வேண்டியிருக்கும். இயந்திரத்தின் கீழ் இருப்பது சில நிமிடங்கள்தான் என்றாலும், கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்து திரும்புவது அரை நாளை எடுத்துக்கொள்ளும். எடுத்த பகுதியின் ஓரங்களில் நோய்ச் செல்கள் தென்பட்டால் மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படும். அதே மார்பில் நோய் திரும்பும் வாய்ப்பும் சற்று அதிகம். முழுவதும் எடுத்தால் இவை பெரும்பாலும் குறையும், ஆனால் உடம்பின் தோற்றம் மாறும். அக்குள் நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருந்தால் அப்போதும் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்பதால், முழுவதும் எடுத்தால் கவலை தீர்ந்தது என்று அண்ணன் நினைப்பது முழுக்கச் சரியல்ல.

அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். "பரிசோதனை முடிவு வந்திருக்கிறதம்மா, உனக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். "டாக்டரே பார்த்துச் செய்யட்டும்" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். ஆனால் அதைச் சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்க வேண்டும். அடுத்த முறை அவரை உள்ளே அழைத்துச் செல்லுங்கள். புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் மருத்துவருக்கு நேரம் குறைவாக இருந்தால், தனியே பேச நேரம் வேண்டும் என்று செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "உங்கள் கருத்து என்ன?" என்று மருத்துவரைக் கேட்பதிலும் தவறில்லை. முடிவை நோயாளியிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது எங்கள் வேலையல்ல.

பதில் 2: நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி

எனக்கும் இதே நோய் வந்தது. முதலில் காட்டிய இடத்தில் என் கணவரிடம் மட்டும் பேசினார்கள். படிவத்தில் கையெழுத்து கேட்டபோதுகூட எனக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. ஸ்கேன் எடுக்கப் போன கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் படித்துத்தான் எனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொண்டேன். சுற்றி இருந்த அனைவரும் சிரித்த முகத்தோடு பொய் சொல்லிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் அடைந்த பயம், உண்மை தெரிந்த பிறகு இல்லை. உங்கள் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியும் அல்லவா?

பிறகு மாறிச் சென்ற மருத்துவமனையில் படம் வரைந்து காட்டி விளக்கினார்கள். தினமும் கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சுக்கு, போய்வர எனக்குத் துணைக்கு ஆள் இல்லை, அடிக்கடி நோய் திரும்புமோ என்று எண்ணிக்கொண்டிருக்கவும் விருப்பமில்லை என்பதால் முழுவதும் எடுத்துவிடச் சொன்னேன். என்னோடு அதே வார்டில் இருந்த பண்ருட்டி அக்கா நேர்மாறாக முடிவு செய்தார். இருவரும் நன்றாக இருக்கிறோம்.

பதில் 3: பாகூர்க்காரர்

சட்டத்தின் நிலையையும் சேர்த்துச் சொல்கிறேன். 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் தந்த சம்மதத்தைக் கொண்டு கருப்பையை அகற்றிய வழக்கில் எழுந்தது. சுயநினைவு திரும்பித் தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்காக, அவசர நிலை இல்லாதபோது, தாயின் சம்மதமும் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், முக்கியமான அபாயங்கள் ஆகியவற்றைச் சொல்லிய பிறகு பெறுவதே சம்மதம் என்பதும் அதில் இருக்கிறது. எனவே அண்ணன் போடும் கையெழுத்து அம்மாவின் கையெழுத்துக்கு ஈடாகாது.

வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. பயாப்ஸியில் எடுத்த திசு வைத்த கண்ணாடித் தகடுகளையும் (ஸ்லைடுகள்) கேட்டு வாங்கிக்கொண்டால், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை போன்ற இடத்தில் மறுபடியும் பார்த்துச் சொல்ல உதவும்.

கெடிலக்கரை மகள்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்குச் சந்தேகம் இருந்தது என்றார். அண்ணனும் உடன் இருந்தார். அடுத்த வாரம் தானே மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்கிறார். கட்டியை மட்டும் எடுத்தால் கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) கட்டாயமா, முழுவதும் எடுத்தால் தவிர்க்கலாமா என்பதே அவருடைய முதல் கேள்வி.

செவிலியர், புதுச்சேரி:

கீமோ தேவையா என்பதை எந்த அறுவை சிகிச்சை என்பது தீர்மானிப்பதில்லை. கட்டியின் தன்மை, ஹார்மோன் பரிசோதனை, நெறிக்கட்டிகளின் நிலை ஆகியவையே தீர்மானிக்கும். அந்தப் பரிசோதனை அறிக்கைகள் வந்துவிட்டனவா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் அவை வந்த பிறகு முடிவெடுக்கலாமா என்பதையும் அம்மாவே கேட்கட்டும்.