பொருக்கா, பொரிவா? தீப்பட்ட கான்கிரீட்டுக்கு ஒரு சொல்

பாளையங்கோட்டையிலிருந்து:

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம். ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது ஒரு சொல் தேடி வந்திருக்கிறேன்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இங்கே எண்பதுகளின் கடைசியில் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில், முதல் மாடிச் சமையலறையில் தீப்பிடித்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டுப் போனது. அப்புறம்தான் எங்கள் வேலை. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்பாலிங் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

தீயின் சூட்டில் கான்கிரீட் சில்லுசில்லாக வெடித்து விழுந்து, உள்ளே கம்பி தெரிகிறதே, அதைத்தான் சொல்கிறேன். முதல் வரைவில் 'கூரையின் அடிப்பக்கம் உரிந்துவிட்டது' என்று எழுதினேன். குடியிருப்போர் சங்கத் தலைவர் வாசித்துவிட்டு, "உரிஞ்சதுதான தம்பி, ஒரு பூச்சு பூசி பெயிண்ட் அடிச்சா முடிஞ்சிரும்லா?" என்றார். 'உதிர்ந்துவிட்டது' என்று மாற்றினேன். அதற்கும் பூச்சுதான் மருந்து என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உரிவது பெயிண்ட், உதிர்வது சிமெண்டுப் பூச்சு, அப்படித்தான் நாம் பேசுகிறோம். ஆனால் இங்கே போயிருப்பது பாரம் தாங்குகிற கான்கிரீட். அது கேட்ட உடனே புரிகிற மாதிரி ஒரு சொல் வேண்டும்.

சென்னையிலிருந்து:

நான் என் மொழிபெயர்ப்புகளில் 'செதிலுதிர்வு' என்று போட்டு வருகிறேன். மெல்லிய ஏடுகளாகப் பெயர்கிறது என்பதால் மீன் செதிலை வைத்து அமைத்தது. வினையாகவும் வரும், பெயராகவும் வரும், பெயரடைக்கும் இடைஞ்சல் இல்லை. 1996 நவம்பரில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள கடலடிச் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது அதன் கான்கிரீட் உறை பல இடங்களில் இப்படித்தான் பெயர்ந்து போனது. அதைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை வைத்தே ஒப்பேற்றினேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

செதில் மீனுக்கு இருக்கட்டும் தம்பி. நான் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் பொருக்கு என்போம். கோடையில் குளம் வற்றினால் சேறு காய்ந்து, ஓடு ஓடாக வெடித்து, விளிம்பு மட்டும் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். மாடு மேய்க்கிற பிள்ளைகள் அதைக் காலால் நொறுக்கிக்கொண்டே போவார்கள். அதுதான் பொருக்கு. மதகில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்தாலும் 'பொருக்கு விட்டிருக்கு' என்றுதான் குறிப்போம். அகராதி பார்த்து வைத்த பெயர் இல்லை, பார்த்த கண் வைத்த பெயர்.

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணாச்சி சொன்ன பொருக்கு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு தடை. நான் மருத்துவக் குறிப்புகள் மொழிபெயர்ப்பவள். புண் ஆறும்போது பொருக்குத் தட்டும். அங்கே பொருக்கு நல்ல செய்தி, தொடாமல் விட்டால் தானே விழுந்துவிடும். தீப்பட்ட கூரைக்கு அந்தச் சொல்லை வைத்தால் 'ஆறிவிடும், விடு' என்று யாராவது நினைக்க மாட்டார்களா?

இன்னொன்று. எங்கள் ஊரில் கடல் காற்று. உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். இரும்பை விடத் துருவுக்கு 2 முதல் 6 மடங்கு இடம் வேண்டும் என்பதால் அது கான்கிரீட்டை வெளியே தள்ளும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். குளத்துச் சேறும் மெல்ல மெல்லத்தான் காயும். ஆக, துருவுக்குப் பொருக்கு அச்சாகப் பொருந்துகிறது. தீ அப்படியா? பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் சட்டுச்சட்டென்று வெடித்து முடிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நமக்கும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பாளையங்கோட்டையிலிருந்து:

அக்கா கேட்ட கேள்வி இரண்டு நாள் தூங்க விடவில்லை. நேற்றுக் காலை கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சொல் அங்கேதான் கிடைத்தது.

கூரைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்திருக்கிறோம். முட்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு ஏறி, சிறிய சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீர் கணீரென்று சத்தம். கெட்ட இடத்தில் 'பொத், பொத்'. பொத்தென்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். ஒரு மணி நேரத்தில் வட்டங்கள் எல்லாம் ஒரு மூலையில் போய்க் குவிந்துவிட்டன. அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுப்புக்கு மேலே புகைக்கரி அங்குல கனத்துக்கு அப்பியிருக்கிறதே தவிர, கான்கிரீட் அப்படியே இருக்கிறது. கம்பி பல்லைக் காட்டுவது ஐந்தடி தள்ளி, மூலையில். மேல் வீட்டில் அந்த மூலைக்கு நேராக என்ன என்று பார்த்தால், குளியலறை. பல வருடமாகக் கசிகிறதாம். கூரை எப்போதும் ஓதம் காத்தே கிடந்திருக்கிறது.

கொத்தனார் ஸ்டூலில் இருந்தபடியே சொன்னார்: "ஈரமா கெடந்த இடம்லா. பொரிஞ்சிட்டு."

பொரிஞ்சிட்டு! நான் ஒரு வாரமாகத் தேடிய சொல்லைக் கரி பிடித்த கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

கார்த்திகைக்கு எங்கள் ஆச்சி நெல்பொரி பொரிப்பாள். இரும்புச் சட்டியில் மணலைக் கொதிக்கக் கொதிக்கக் காயவைத்து, ஒரு பிடி நெல்லை அள்ளிப் போடுவாள். உமிக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகும், வெளியே போக வழி இருக்காது, அழுத்தம் தாங்காமல் நெல் 'பட்'டென்று வெடித்து மலரும். ரொம்பக் காய்ந்த நெல்லாக இருந்தால் பொரியாது, கருகித்தான் போகும். கான்கிரீட்டிலும் இதேதான் நடக்கிறது. அதன் நுண்துளைகளில் இருக்கிற தண்ணீர் ஆவியானால், சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். துளை வழியாக வெளியேறும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் கூடினால் மேலடுக்கைத் தூக்கி எறிந்துவிடும். சூடான பக்கம் விரிவதும் ஜல்லி விரிவதும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஐரோப்பியக் கட்டுமான விதிநூலில் எடையில் 3 சதவீதத்துக்கும் குறைவான ஈரம் என்றால் இப்படி வெடிக்கும் வாய்ப்புக் குறைவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அடுப்புக்கு மேலே இருந்தது காய்ந்த நெல். மூலையில் இருந்தது ஈர நெல்.

ஆகவே என் முன்மொழிவு: துருவால் வருவது பொருக்கு, தீயால் வருவது பொரிவு.

இடையில் ஒரு புலம்பல். தீ அணைந்த மறுநாளே வீட்டுக்காரர்கள் சுவர்க் கரியைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்திருக்கிறார்கள். கரி குழைந்து பூச்சுக்குள் இறங்கிவிட்டது. இனி வெறும் பெயிண்ட் எத்தனை கோட் அடித்தாலும் பழுப்பாக ஊறி வெளியே வரும். முதலில் உலர்ந்த ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்திருக்க வேண்டும், தண்ணீர் அப்புறம். ஒயரும் பிவிசி குழாயும் எரிந்த புகையில் குளோரின் சேர்ந்த வாயு இருக்கும், ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அது வெளியே தெரிகிற கம்பியைச் சும்மா விடாது. அப்படியே விட்டால் இந்தப் பொரிவே நாளைக்குப் பொருக்கும் விடும்.

தூத்துக்குடியிலிருந்து:

பொரிவுக்கு என் வாக்கு. ஆனால் சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு பொங்கினாலும் 'பொரிஞ்சிருக்கு' என்றுதானே சொல்கிறோம்? 2023 டிசம்பர் மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கீழ்வீட்டுச் சுவர் எல்லாம் இடுப்பளவுக்குப் பொரிந்துதான் கிடந்தது. அங்கே தீயும் இல்லை, சூடும் இல்லை. வேர்க்குருவும் பொரியத்தான் செய்கிறது.

சென்னையிலிருந்து:

அக்கா சொன்ன மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஏதோ ஒன்று உள்ளே இருந்துகொண்டு வெளியே தள்ளுகிறது. சுவரில் உப்புப் படிகம், தோலில் வேர்வை, கான்கிரீட்டில் நீராவி. பேச்சு வழக்கில் அது அப்படியே இருக்கட்டும், கலைச்சொல்லாகக் கான்கிரீட்டுக்கு மட்டும் வரையறுத்துக்கொள்ளலாம். செதிலுதிர்வை நான் திரும்பப் பெறுகிறேன். அது விழுந்த துண்டின் வடிவத்தைத்தான் சொல்கிறது, ஏன் விழுந்தது என்று சொல்லவில்லை.

என் கவலை எழுத்தில். பொரிவு என்று எழுதினால் தட்டச்சில் நாளைக்கே 'பொறிவு' ஆகிவிடும். பொறி என்றால் இயந்திரம், பொறியாளர், எலிப்பொறி. போதாக்குறைக்கு 'தீப்பொரிவு' என்று எழுதினால் பாதிப் பேர் தீப்பொறி என்றே வாசிப்பார்கள். அதனால் தீ என்ற முன்னொட்டு வேண்டாம். சூடு இல்லாமல் கான்கிரீட் பொரியப் போவதில்லை, பொரிவு என்பதே போதும். துருவுக்கு மட்டும் 'துருப்பொருக்கு' என்று சேர்த்தே எழுதலாம், அக்காவின் புண் பொருக்கோடு குழப்பம் வராது. 'பொரியல்' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், வாழைக்காய் ஞாபகம் வந்துவிடும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தோற்றாலும் பாதிப் பொருக்கு மிஞ்சியது, சந்தோஷம். அறிக்கையில் இன்னும் ஒரு சொல் வேண்டியிருக்கும் தம்பி. தீயில் வெந்த கான்கிரீட்டுக்குள் இருக்கிற சுண்ணாம்பு 400, 500 டிகிரிச் சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகவே மாறிவிடும். பொரியாத இடத்திலும் இது நடக்கும். அப்புறம் தீயணைப்புக் குழாய்த் தண்ணீரோ மழை ஈரமோ பட்டால் நீறும், அதாவது தண்ணீரைக் குடித்துப் பொடியாகும், ஊதும், சில நாள் கழித்து வெடிப்பு விடும். தீ அணைந்தபோது இல்லாத வெடிப்பு எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரர் உங்களைப் பிடிப்பார். கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். 'நீறல்' என்று போடுங்கள். புதிதாக ஒன்றும் படைக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிற சொல்.

உடைத்துப் பார்க்கும்போது நிறத்தையும் குறியுங்கள். 300 டிகிரி தாண்டினால் லேசான ரோஸ் நிறம் தட்டும். ஜல்லியிலும் மணலிலும் இரும்புச்சத்து இருந்தால்தான் தெரியும், தெரியவில்லை என்பதற்காகச் சூடு ஏறவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

கம்பியிலும் ஒரு சொல் தகராறு இருக்கிறது. அந்தக் காலத்துக் கட்டடம் என்றால் நிஜமாகவே குளிர்நிலையில் முறுக்கின கம்பியாக இருக்கும். இன்றைக்கு விளம்பரத்தில், சூடாக உருட்டித் தண்ணீரில் சட்டென்று குளிரவைக்கிற டிஎம்டி கம்பியையும் முறுக்குக் கம்பி என்கிறார்கள். அதை முறுக்குவதே இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பழைய முறுக்குக் கம்பி 450 டிகிரி தாண்டினால், ஆறின பிறகும் இழந்த பலத்தை முழுசாகத் திரும்பப் பெறாது. அறிக்கையில் எது என்று பிரித்து எழுதுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி சொன்னபடியே எழுதினேன். அறிக்கையின் அந்தப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

'சமையலறைக் கூரை, தென்மேற்கு மூலை: நாலடிக்கு மூன்றடி அளவில் பொரிவு. மேல் குளியலறைக் கசிவால் கூரையில் ஈரம் இருந்ததே இந்த மூலை மட்டும் பொரிந்ததற்குக் காரணம். கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் கான்கிரீட்தான் இருந்திருக்கிறது. அது முழுவதும் போய், முறுக்குக் கம்பி ஆறு வெளியே தெரிகிறது. மேலே பூசி மறைக்கக் கூடாது. வெந்த கான்கிரீட்டை நல்ல கான்கிரீட் வரும்வரை செதுக்கி எடுத்து, கம்பியைச் சோதித்து, தேவையான இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லிக் கலவை) நிரப்ப வேண்டும். கசிவை முதலில் அடைக்க வேண்டும். அடுப்புக்கு மேல்: பொரிவு இல்லை, நீறல் வரக்கூடும், மூன்று மாதம் கண்காணிக்க வேண்டும். பால்கனி ஓரம்: துருப்பொருக்கு. இது தீயால் வந்ததல்ல, பழையது. செலவு தனிக் கணக்கு.'

கடைசி வரியால் காப்பீட்டுக்காரர்களோடு வரக்கூடிய ஒரு சண்டை மிச்சம். ஒரே சொல்லாக இருந்திருந்தால் பால்கனியையும் தீக்கணக்கில் சேர்த்துவிட்டோம் என்று மொத்தத்தையும் தள்ளியிருப்பார்கள்.

நேற்றுச் சாயங்காலம் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) கூட்டம். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். 'பொரிவு' என்ற இடத்தில் நிறுத்தி, "பொரிஞ்சிருக்குன்னா, அப்ப உள்ள கம்பியும் வெந்திருக்குமே, அதைப் பாத்தாச்சா?" என்று கேட்டார். பூச்சு பூசினால் முடிந்துவிடும் என்று சொன்ன அதே ஆள். ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றேன். தலையாட்டிவிட்டு முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

பதினொரு கையெழுத்து வந்துவிட்டது. மேல் வீட்டுக்காரர் மட்டும் பாக்கி. பொரிவு என்ற சொல்லில் அவருக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, குளியலறை என்ற சொல்லை எடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார்.