'இணைய இருப்பு' வேண்டாம்: சிறுதொழில் கையேட்டுக்குச் சொல் தேடல்

மடல் 1

வணக்கம்.

சிறுதொழில் செய்பவர்களுக்கான சமூக ஊடகக் கையேட்டின் சொற்பட்டியலில் முதல் சொல்லே இடறுகிறது. 'ஆன்லைன் பிரசென்ஸ்' என்பதை 'இணைய இருப்பு' என்று பலரும் எழுதுகிறார்கள். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் இதைப் படிக்கப்போகிறவர் நாள் முழுக்க 'இருப்பு' என்ற சொல்லோடு கிடப்பவர்: கையிருப்பு, சரக்கிருப்பு, தொடக்க இருப்பு, இறுதி இருப்பு. 'உங்கள் இணைய இருப்பை உயர்த்துங்கள்' என்று தலைப்புப் போட்டால், ஆன்லைனில் விற்க இன்னும் சரக்கு வாங்கிப் போடச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

போதாக்குறைக்கு அதே அதிகாரத்தில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் பொருள்பட்டியலில் 500 பொருள்வரை ஏற்றலாம், தீர்ந்ததை மறைத்துவைக்க வேண்டும் என்றும் வருகிறது. அங்கே 'இருப்பு' சரக்கையேதான் குறிக்கும். ஒரே பக்கத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை.

சொல் தாங்க வேண்டிய பொருள் மூன்று. தேடுகிறவர் கண்ணில் தொழில் பட வேண்டும். கிடைக்கும் விவரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்டால் பதில் வர வேண்டும். பரிந்துரைகள் சொல்லுங்கள்.

மடல் 2

> சொல் தாங்க வேண்டிய பொருள் மூன்று

'இணையப் புழக்கம்'? ஆள் புழக்கம் உள்ள கடை, புழக்கத்தில் உள்ள சொல் என்கிறோமே, அந்த உயிர்ப்பு இதில் இருக்கிறது. கணக்கைத் திறந்துவிட்டு ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவருக்குப் புழக்கம் இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

'இணையத் தடம்' வேண்டாம். அது ஒருவர் அறியாமல் விட்டுச்செல்லும் தரவைக் குறிக்க ஏற்கெனவே பயன்படுகிறது. இங்கே பேசுவது நாமே பார்த்துப் பார்த்து வைப்பது.

மடல் 3

'இணையப் புழக்கம்' என்றால் மக்கள் இணையத்தைப் பயன்படுத்துவது என்றே முதலில் படும். 'கிராமங்களில் இணையப் புழக்கம் கூடியது' என்று நாளிதழ் எழுதும் பொருள் அது. அந்த இடத்திலிருந்து இச்சொல்லைப் பிடுங்க முடியாது.

என் பரிந்துரை 'இணைய முகம்'. சொல்லைத் தனியாகப் பார்க்காமல், கையேட்டில் வரும் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்.

'கூகுள் வரைபடத்தில் ஒரு தொலைபேசி எண், முகநூல் பக்கத்தில் பழைய எண், இன்ஸ்டாகிராமில் எண்ணே இல்லை. உங்கள் இணைய முகம் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறது.' பொருந்துகிறது. பெயர், முகவரி, தொலைபேசி ஆகிய மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

இன்னொன்று: 'முகம் கொடுத்துப் பேசுதல்' என்று நம்மிடம் வழக்கு இருக்கிறது. மறுமொழி சொல்வது இந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 'இருப்பு' என்பவர் இருந்தால் போதும் என்று நினைப்பார். 'முகம்' என்றால் பேச வேண்டும் என்பதும் சேர்ந்தே வரும்.

இரண்டு இடத்தில் உரசும். 'இன்டர்ஃபேஸ்' என்பதற்கான இடைமுகம் என்ற சொல் பக்கத்திலேயே இருக்கிறது. 'முகநூல் முகம்' என்று எழுத நேர்ந்தால் காதுக்கு இடிக்கும். அங்கே 'முகநூல் பக்கம்' என்றே எழுதிவிடலாம். எப்படியும் அந்த வேறுபாட்டைக் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டும். தனிநபர் கணக்கில் நண்பர் எண்ணிக்கை 5000-த்தோடு நின்றுவிடும், தொழிலுக்கு அதைப் பயன்படுத்துவது முகநூலின் விதிக்கும் ஒவ்வாது. தொழிலுக்குப் 'பக்கம்', ஆளுக்குச் 'சுயவிவரம்' என்று இரண்டையும் கலக்காமல் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மடல் 4

'இணைய முகம்' எனக்கும் சரி. அடுத்த சிக்கலுக்குப் போவோம்: ரீச், இம்ப்ரெஷன், எங்கேஜ்மென்ட்.

பட்டியலில் ரீச் 'வீச்சு' என்று இருக்கிறது. பத்தாம் வகுப்புப் புள்ளியியலில் பெரிய மதிப்பிலிருந்து சிறிய மதிப்பைக் கழித்தால் வருவது வீச்சு. இயற்பியலில் அலையின் ஆம்ப்ளிட்யூட் வீச்சு. இது மூன்றாவது வீச்சா? 'அடைவு' என்று போட்டால் ஒரு பக்கம் மாணவர் அடைவுத்தேர்வு, மறுபக்கம் கணினிக் கோப்படைவு. 'சென்றடைவு' குழப்பாது, ஆனால் அட்டவணைத் தலைப்பில் இடம் தின்னும்.

இம்ப்ரெஷனுக்கு 'மனப்பதிவு' என்று யாரோ போட்டிருக்கிறார்கள். திரையில் ஒரு முறை தோன்றியதைத்தான் அந்த எண் கணக்கிடுகிறது. யார் மனத்திலும் எதுவும் பதிந்ததற்கு அதில் சான்றில்லை.

நான் சொல்வது: எட்டல், காட்டல். ஒரு பதிவு எத்தனை வெவ்வேறு கணக்குகளை எட்டியது என்பது எட்டல். மொத்தம் எத்தனை தடவை காட்டப்பட்டது என்பது காட்டல். ஓசை ஒத்திருப்பதால் இரண்டும் இணையாகவே நினைவில் நிற்கும். எண் எட்டோடு மயங்காது, 'எட்டல்' என்று யாரும் எண்ணுவதில்லை.

இவை பிரிந்தால்தான் மூன்றாவது எண்ணையும் சொல்ல முடியும். எட்டல் 1200, காட்டல் 2000 என்றால் ஒரு கணக்குக்குச் சராசரியாக 1.67 தடவை காட்டப்பட்டிருக்கிறது. விளம்பரக்காரர்கள் இதை ஃபிரீக்வென்சி என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் 'அதிர்வெண்' என்றும் இலங்கைப் பாடநூல் 'மீடிறன்' என்றும் சொல்வதை இங்கே இழுத்துவர வேண்டாம். 'காட்டல் மடங்கு' போதும். கட்டண விளம்பரத்தில் எட்டல் அசையாமல் நிற்க, மடங்கு மட்டும் ஏறினால் பார்த்தவர்களே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று பொருள். பணத்தைக் கூட்டுவதில் பயனில்லை. பார்ப்பவர் வரையறையை அகலப்படுத்த வேண்டும், இல்லையேல் படத்தை மாற்ற வேண்டும்.

மடல் 5

சிறு குறிப்பு. இன்ஸ்டாகிராம் 2024-இல் எல்லா வகைப் பதிவுக்கும் 'வியூஸ்' என்பதையே முதன்மை அளவாக்கிவிட்டது. யூடியூபில் 'பார்வைகள்' என்று தமிழில் பழகிவிட்டதால் அதையே வைக்கலாம். ஒரே ஆள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தால் பார்வை இரண்டு. ஆகவே பார்வை, காட்டலின் உறவுக்காரன். எட்டலின் உறவுக்காரன் அல்ல.

பணம் கட்டாமல் தானாகக் கிடைக்கும் 'ஆர்கானிக் ரீச்'சுக்குப் பட்டியலில் 'கரிம வீச்சு' என்று கண்டேன். வேதியியல் நூலிலிருந்து ஓடிவந்ததுபோல் இருக்கிறது. 'இயல்பு எட்டல்', 'கட்டண எட்டல்' என்று முடித்துவிடுவோம்.

மடல் 6

எங்கேஜ்மென்ட் பற்றி, அதாவது பதிவைப் பார்த்தவர் இடும் விருப்பம், கருத்து போன்றவை பற்றி. 'ஈடுபாடு' மனநிலை. விரல் பட்டு விழுந்த விருப்பக்குறியை ஈடுபாடு என்பது மிகை. 'ஊடாட்டம்' இன்டராக்ஷனுக்கு வேண்டும். 'எதிர்வினை' என்றால் பாதிப் பேர் சண்டை என்று நினைப்பார்கள்.

உளவியலில் 'தூண்டல் – துலங்கல்' என்ற இணை நெடுநாளாக இருக்கிறது. ஒன்றைப் பார்த்தவர் பதிலுக்குச் செய்யும் எதுவும் துலங்கல்: விருப்பம், கருத்து, பகிர்வு, சேமிப்பு. மனத்தில் என்ன இருந்தது என்று அது கேட்பதில்லை. துலங்கலை எடுத்துக்கொண்டால், பார்ப்பவரை ஒன்றைச் செய்யச் சொல்லும் வரியான 'கால் டு ஆக்ஷன்' தானே வந்துவிடும்: தூண்டுவரி. 'செயல் அழைப்பு' என்று எழுதினால் தொலைபேசி அழைப்பாகிவிடுகிறது. 'அளவைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், தோராய விலை சொல்கிறோம்' என்பது தூண்டுவரி. 'எங்களைத் தொடர்புகொள்ளவும்' என்பதும் பெயரளவில் தூண்டுவரிதான், என்ன செய்ய வேண்டும் என்று அதில் எதுவும் இல்லை.

விகிதம் என்று வரும்போது கவனம் தேவை. மேலே சொன்ன பதிவுக்கு 40 விருப்பம், 6 கருத்து, 5 பகிர்வு, 9 சேமிப்பு என்று கொள்வோம். மொத்தத் துலங்கல் 60. எட்டல் 1200-ஆல் வகுத்தால் 5%. காட்டல் 2000-ஆல் வகுத்தால் 3%. பின்தொடர்பவர் 800 பேரால் வகுத்தால் 7.5%. மூன்றையும் 'எங்கேஜ்மென்ட் ரேட்' என்றே சொல்கிறார்கள்; விளம்பர முகவர் 7.5-ஐக் காட்டுவார், வாங்குகிறவர் 3-ஐ எதிர்பார்ப்பார். ஆங்கிலத்தில் இருக்கும் இந்தக் குழியைத் தமிழிலும் வெட்ட வேண்டாம். 'எட்டல்வழித் துலங்கல் விகிதம்' என்று வகுக்கும் எண்ணைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுவோம். நீளம்தான், இருக்கட்டும்.

மடல் 7

'துலங்கல்' பொதுமக்களுக்குப் புரியுமா என்று ஐயம் எழலாம். புரியாது. 'எங்கேஜ்மென்ட்'டும் ஒரு காலத்தில் புரியாமல்தான் இருந்தது. முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 'இன்ஸ்டாகிராம் அறிமுக வரி 150 எழுத்துக்குள் இருக்க வேண்டும்' என்று வரைவில் இருக்கிறது. தமிழில் இது தவறான வழிகாட்டல். 'பழுதுநீக்கம்' என்பதில் நம் கணக்கில் ப, ழு, து, நீ, க், க, ம் என ஏழு எழுத்து. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினி எழுத்துகளைக் குறிக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) அது 12. ஏழு என்று நம்பி எழுதுகிறவருக்குக் கடைசி வரி உள்ளே போகாது, அந்தக் கடைசி வரியில்தான் பெரும்பாலும் தூண்டுவரி இருக்கும். ஆகவே 'எழுத்து' வேண்டாம், கணினி எண்ணும் 'கேரக்டர்' என்ற பொருளில் 'வரியுரு' என்று போட்டு இந்தச் சொல்லையே எடுத்துக்காட்டாகக் கொடுங்கள்.

'பயனர்பெயர்', 'காட்சிப்பெயர்' இரண்டையும் பிரிக்கவும். முன்னதில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு மட்டுமே செல்லும். பின்னதில் தமிழ் செல்லும், தேடலிலும் அகப்படும். அங்கே கடைப்பெயரோடு தொழிலின் பெயரையும் சேர்க்கலாம். கூகுள் வரைபடத்தில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. பெயர்ப்பலகையில் இல்லாத சொற்களைப் பெயரில் திணித்தால் கடையின் பக்கம் முடக்கப்படலாம்.

மடல் 8

வாட்ஸ்அப் 'பிராட்காஸ்ட் லிஸ்ட்'டுக்கு 'ஒலிபரப்புப் பட்டியல்' வேண்டாமே. வானொலி நிலையம் நினைவுக்கு வருகிறது. 'தனிமடல் பட்டியல்' என்றால் என்ன நடக்கிறது என்பது தெரியும்: ஒரே செய்தி 256 பேர்வரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகிறது, ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. அடியில் ஒரு குறிப்பு அவசியம்: நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமிக்காதவருக்கு அது போய்ச் சேராது. 'அனுப்பினேன், வரவில்லை என்கிறார்கள்' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மடல் 9

எல்லாவற்றையும் ஏற்று, அளவுகள் பற்றிய பத்தியைத் திருத்திவிட்டேன். பாருங்கள்:

'வாரம் ஒருமுறை மூன்று எண்களைக் குறித்துவையுங்கள். ஏழு நாள் எட்டலையும் கூட்டி வார எட்டல் என்றும், ஏழு நாள் காட்டலையும் கூட்டி வாரக் காட்டல் என்றும் எழுதுங்கள். மொத்தத் துலங்கலை வார எட்டலால் வகுத்து நூறால் பெருக்கினால் எட்டல்வழித் துலங்கல் விகிதம்.'

மடல் 10

இரண்டாம் வாக்கியம் தவறு. காட்டலைக் கூட்டலாம், எட்டலைக் கூட்டக்கூடாது. திங்களன்று பார்த்த கணக்கே வியாழனும் பார்த்தால் நாள் கணக்கில் இரண்டு, வாரக் கணக்கில் ஒன்று. கூட்டினால் வார எட்டல் வீங்கும், வகுக்கும் எண் பெருத்துவிடுவதால் விகிதம் காரணமில்லாமல் இறங்கும். செயலியில் கால அளவை ஏழு நாள் என்று வைத்து, அது காட்டும் எட்டலை அப்படியே எடுக்கச் சொல்லுங்கள்.

சொல்லாக்கியவர்களுக்கே இந்த வழுக்கல் வருகிறது என்றால் 'எட்டல்' தனியாக நின்றால் போதாது. அட்டவணைத் தலைப்பில் 'எட்டிய கணக்குகள்' என்று முழுதாகப் போட்டுவிடலாம், உடன்பாடா?