பிரிட்டனில் கார் ஓட்டப்போகிறவர்களுக்கு: பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்

இந்திய, இலங்கை லைசென்ஸோடு பிரிட்டனில் குடியேறியவர்கள் 12 மாதம் வரை அதை வைத்தே கார் ஓட்டலாம். அப்புறம் இங்குள்ள தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தேறியாக வேண்டும். ஊரில் பல வருடம் ஓட்டியவர்களும் முதல் தடவை தவறிவிடுவதுண்டு. கிளட்ச், கியரில் அவர்களுக்குக் குறை இருக்காது. சாலையில் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணிப்பதில்தான் இடிக்கும்.

சென்னையிலோ மதுரையிலோ பாதித் தகவலை ஹாரன் தந்துவிடுகிறது. பின்னால் பஸ் நெருங்குவதும், பைக் ஒன்று இடுக்கில் நுழைவதும் முதலில் காதுக்குத்தான் தெரியும். இங்கே ஹாரன் சத்தமே அபூர்வம். சைக்கிள்காரர் சத்தமில்லாமல் உங்கள் இடதுபக்கம் வந்து நிற்பார். காது செய்த வேலையையும் கண்ணே செய்ய வேண்டும்.

கண்ணைப் பழக்க, ஓட்டிக்கொண்டே பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்நாட்டுப் போலீஸ் டிரைவர்களின் பயிற்சியிலும் இது உண்டு. தியரி தேர்வில் இருந்த தமிழ்க் குரல் வசதியை 2014-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்தப் பயிற்சியைத் தாராளமாகத் தமிழிலேயே செய்யலாம். அவசரத்தில் வாய்க்கு எது வருகிறதோ அதுவே சரி.

"சிவப்பு கார், மரம், கடை" என்று ஒப்பித்தால் பயனில்லை. பார்த்தது என்ன, அது என்ன செய்யக்கூடும், அதனால் நான் என்ன செய்கிறேன், மூன்றும் வர வேண்டும். இப்படி:

"வேகம் 30. இடதுபக்கம் வரிசையாகக் கார் நிற்கிறது. மூன்றாவது காரில் பிரேக் லைட் எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார். கதவைத் திறக்கலாம், கிளம்பவும் செய்யலாம். மிரர்: பின்னால் வேன் ஒட்டி வருகிறது. இப்போதே காலை எடுக்கிறேன், கொஞ்சம் விலகிப் போகிறேன். எதிரே பஸ் நிற்கிறது, அதன் பின்னாலிருந்து யாராவது குறுக்கே வரலாம்."

நம்மவர்கள் தவறவிடும் சிலவற்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் அடிப்பதையே எடுத்துக்கொள்வோம். ஊரில் அதற்கு "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம். இங்கே பலர் "நீங்க போங்க" என்று வழிவிட அடிக்கிறார்கள். ஆனால் இந்நாட்டுச் சாலை விதிநூலான ஹைவே கோடின்படி "நான் இங்கே இருக்கிறேன்" என்று தெரிவிப்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். அதனால் "லைட் அடித்தார், சரி, கார் நிஜமாகவே வேகம் குறைகிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். அடுத்தது பக்கத் தெருவில் திரும்புவது. 29 ஜனவரி 2022 முதல், அந்தத் தெருவைக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் நாம் வழிவிட வேண்டும். இண்டிகேட்டர் போடும்போதே "முனையில் யார் நிற்கிறார்கள்?" என்ற கேள்வி வாயில் வரட்டும்.

கிராமப்புறச் சாலைகளில் இன்னும் கவனம் தேவை. பல இடங்களில் 60 மைல் வரை அனுமதி உண்டு. அந்த வேகத்தில் கார் முழுதாக நிற்க 73 மீட்டர் ஆகும் என்கிறது ஹைவே கோட், அதுவும் ஈரமில்லாத சாலையில். ஒவ்வொரு வளைவிலும் "எனக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது?" என்று சொல்லிப் பாருங்கள். கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

எடுத்தவுடன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி செய்ய வேண்டாம். நண்பர் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் தொடங்குங்கள். லண்டனில் இருந்தால் மாடி பஸ்ஸின் மேல்தளத்து முன்சீட் இதற்கு அருமையான இடம், அங்கே மனதுக்குள் சொன்னால் போதும். பிறகு பழக்கமான தெருவில் சில நிமிடம் மட்டும். பெரிய ரவுண்டபவுட்டில் பேச்சு தடுமாறினால் பேச்சை விடுங்கள், கண்ணை விடாதீர்கள். சாதாரணத் தெருவிலேயே வாய் ஈடுகொடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் வேகம்தான் அதிகம்.

தியரியில் ஹசார்ட் பெர்செப்ஷன் என்று ஒரு பகுதி வரும்; வீடியோவில் ஆபத்தைக் கண்டதும் கிளிக் செய்ய வேண்டும். அதற்கும் இதே பயிற்சி உதவும். 14 வீடியோ, 15 ஆபத்துகள், 75-க்கு 44 எடுக்க வேண்டும். ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே கிளிக் செய்தால்தான் முழு 5 மதிப்பெண். சும்மா தாளம் போட்டதுபோல் கிளிக் செய்தால் அந்த வீடியோவுக்குப் பூஜ்யம். வீட்டில் பயிற்சி வீடியோ பார்க்கும்போது பேசிக்கொண்டே பாருங்கள். "வரலாம்" என்பது "வருகிறது" என்று மாறும் அந்த நொடியில் கிளிக் செய்யுங்கள்.