1796 அமெரிக்க அதிபர் தேர்தல்: பழைய கவுண்டி எல்லைகள் தேவை

1796 தேர்தலை வரைபடமாக்கும் வேலையில் ஒரு வாரமாகச் சிக்கி நிற்கிறேன். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் இன்றைய மாநில எல்லைகளைப் போட்டால் மேற்கு வர்ஜீனியாவும் மெய்னும் வெள்ளையாக நின்றன. முன்னது 1863 வரை வர்ஜீனியாவோடும், பின்னது 1820 வரை மாசசூசெட்ஸோடும் இருந்தவை. சேர்த்துவிட்டேன், அது சரியாகிவிட்டது.

வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களின் 39 தேர்வாளர்களும் (மாநிலங்கள் சார்பில் அதிபருக்கு வாக்களிப்பவர்கள்) ஜான் ஆடம்ஸ் பக்கம், தெற்கு பெரும்பாலும் தாமஸ் ஜெஃபர்சன் பக்கம். ஆனால் ஆடம்ஸ் வென்றது 71-68 என்றுதான். வர்ஜீனியா, வட கரோலினா, பென்சில்வேனியாவில் மாநிலத்துக்கு ஒன்றாக ஆடம்ஸுக்கு விழுந்த மூன்று வாக்குகள்தான் அவரைக் கரையேற்றின. மாநிலத்துக்கு ஒரே நிறம் அடித்தால் இந்த மூன்றும் மறைந்துபோகின்றன, எனக்கு வேண்டியதே அவைதான். மேரிலாந்து இன்னும் கஷ்டம்: தேர்வாளர்கள் 10 பேர், ஆடம்ஸுக்கு 7, ஜெஃபர்சனுக்கு 4. அப்போது ஆளுக்கு இரண்டு வாக்கு. ஒருவர் இருவருக்குமே போட்டிருக்கிறார்.

கோடு போட்ட நிறம், வட்ட விளக்கப்படம் இரண்டும் முயன்றேன். எண்ணிக்கை தெரிகிறது, இடம் தெரியவில்லை. இன்றைய கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) எல்லைகளையும் போட்டுப் பார்த்தேன். பிற்காலத்தில் பிரிந்த கவுண்டிகள் நிறைய, பொருந்தவில்லை.

மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா மூன்றும் தேர்வாளர்களைத் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுத்தவை. இவற்றின் 1796 கால கவுண்டி எல்லைகள் ஷேப்ஃபைலாக (வரைபட மென்பொருளில் திறக்கும் எல்லைக் கோப்பு) எங்கே கிடைக்கும்?