கண்மாய் அழிக்கும்போது மீனை எண்ணி எழுதணுமா?

கரைக்காரன்:
போன மாசம் எங்க ஊர்க் கண்மாய் அழிச்சாங்க, அதான், தண்ணி வத்தினதும் ஊரே கூடி மீன் பிடிக்கிறது. ஊத்தாக் கூடை, வலை, பழைய சேலைன்னு ஊரே இறங்குச்சு. மாமா சாக்கைக் கொட்டினா முக்கால்வாசி ஜிலேபிக் கெண்டை, திலாப்பியாம்பாங்களே அது. விரால் ரெண்டு, கெளுத்தி ஒரு கை, அயிரை பேருக்குக்கூட இல்ல. குத்தகைக் கணக்குல மொத்தக் கிலோ மட்டும்தான் ஏறுது. எந்த மீன், எத்தனை, என்ன நீளம்னு நோட்டுல எழுதணும்னு ஊர்க்கூட்டத்துல சொன்னேன். சிரிச்சாங்க.

மண்டபத்தான்:
சிரிக்காம? ஜிலேபி இல்லாதப்பட்டவன் வீட்டுக் குழம்பு தம்பி. 1952-ல பாங்காக்கிலிருந்து ராமேஸ்வரம் பக்கத்துல நம்ம மண்டபம் ஊருக்குத்தான் வந்து இறங்குச்சு, கொண்டாந்ததே சர்க்கார். இப்ப அந்நியன்னு பட்டம் கட்டுறீங்க. அதோட சொந்த ஊரு ஆப்பிரிக்காவுல அதே மீன் அழியுற ஆபத்துல உள்ள பட்டியல்ல இருக்கு, அதை யாரும் பேச மாட்டீங்க. நோட்டுல ஏத்தினா நாளைக்கு ஒருத்தன் வந்து விக்கக் கூடாதும்பான்.

கரைக்காரன்:
தடையா கேட்டேன் அண்ணே? பொட்டை ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளயே வச்சுக் காக்குது, சில மாசத்துல குஞ்சும் பருவத்துக்கு வந்துரும். உப்புத்தண்ணியும் தாங்கும். கிலோ கணக்கு கூடிக்கிட்டே போகும், உள்ள எது காணாமப் போச்சுன்னு தெரியாது.

வைகைப்பாசனம்:
ரெண்டு பேரும் தண்ணியை விட்டுட்டுப் பேசுறீங்க. கண்மாய் காஞ்சு வெடிச்சா ஜிலேபி ஒண்ணு மிஞ்சாது. விரால் அப்படியில்ல. சேத்துக்குள்ள ஈரம் இருந்தாப் போதும், காத்தை இழுத்துக்கிட்டுக் கிடக்கும். அப்ப அடுத்த வருஷ ஜிலேபி எங்கருந்து வருது? கண்மாய்க்குத் தண்ணி கொண்டார்ற வரத்துக்கால் வழியா, இல்லாட்டி குத்தகைக்காரர் விடுற குஞ்சோட கலந்து. அழிக்கிற அன்னைக்கு எண்ணுறது பிணத்துக்கு நாடி பாக்குறது. தண்ணி வர்ற முதல் வாரம் வரத்துக்கால் வாயில வலை கட்டி எண்ணுங்க.

மண்டபத்தான்:
இது பேச்சு. ஆனா கோடையில ஜேசிபி வச்சு அந்தச் சேத்தை அள்ளிட்டுப் போறாங்களே, விரால் அதுலதானே கிடக்கு? அதையும் அந்த நோட்டுல எழுதுங்க. விலாங்குக்கும் ஒரு பக்கம் விடுங்க. முட்டையிடக் கடலுக்குப் போற மீன் அது, வழியெல்லாம் தடுப்பணை.

கரைக்காரன்:
எழுதலாம் அண்ணே.

மண்டபத்தான்:
யாரு, ராத்திரி கொசுக்கடியில வாய்க்கால் கரையில உக்காந்து? உங்க மாமாவா?

கரைக்காரன்:
நான்தான். டார்ச்சு மட்டும் நீங்க குடுங்க.